பெல்கிரானோ: கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் ஃபாக்லாந்து போரைப் பற்றி எழுதியபோது, 1982 மே 2 அன்று மூழ்கடிக்கப்பட்ட அர்ஜென்டினக் கப்பலான 'ஜெனரல் பெல்கிரானோ'வைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் 323 பேர் இறந்தார்கள். அப்படியே போகிற போக்கில் ஒரு வரி: 'இந்தக் கப்பலுக்குப் பெயர் தந்தவர் படித்தது சட்டம், போர் என்பது நாற்பது வயதில் அவர் தலையில் விழுந்த வேலை.'

அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நானும் வக்கீல்தான். பதினோரு வருடமாக மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறேன். வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது, பிரமாணப் பத்திரத்தில் 'மேற்படி' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது, இப்படியே பொழுது போகிறது. பெல்கிரானோவைப் பற்றித் தேடிப் பார்த்தேன். பராகுவேயில் தோற்றார், மேல் பெருவில் (இன்றைய பொலிவியா) தோற்றார் என்றுதான் வருகிறது. ஆனால் அவர் இறந்த ஜூன் 20 அர்ஜென்டினாவில் கொடி நாள், அரசு விடுமுறை.

இரண்டு கேள்விகள். தோற்றவரை எதற்கு இப்படிக் கொண்டாடுகிறார்கள்? அவர் படித்த சட்டம் அவருக்கு எதற்காவது உதவியதா, இல்லை பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாரா? நேரம் கிடைத்தால் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், சீனியர் உங்கள் தளத்தைப் படிப்பவர்.

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன், சீனியர் நிம்மதியாகப் படிக்கட்டும்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குள்ளேயே முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அர்ஜென்டின விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான மனுவேல் பெல்கிரானோ வக்கீலாகப் பதிவு செய்தது 1793-இல், ஸ்பெயினின் வல்லாதோலித் நகரில். அடுத்த ஆண்டே அரசு வேலை கிடைத்துக் கப்பலேறிவிட்டார். கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கட்சிக்காரருக்காக வாதாடிப் பிழைத்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் எதையாவது ஷரத்து ஷரத்தாக எழுதி வைத்துவிட்டால் அது நடந்துவிடும் என்ற நம்பிக்கை அவரை விட்டு ஒருநாளும் போகவில்லை. அவருடைய பெருமை, அசட்டுத்தனம் இரண்டுமே அங்கிருந்து வந்தவை என்பது என் எண்ணம்.

1770-இல், அப்போது ஸ்பெயினின் காலனியாக இருந்த புவெனஸ் ஐரிஸில் பிறந்தார். அப்பா தொமெனிகோ, இத்தாலியின் லிகுரியக் கரையிலுள்ள ஒனேலியாவிலிருந்து வந்து வியாபாரத்தில் பணம் குவித்தவர். பதினாறு வயதில் பையனை ஸ்பெயினுக்கு அனுப்பினார். சலமாங்கா, அப்புறம் வல்லாதோலித். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் பெல்கிரானோ ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்: சட்டப் படிப்பில் தனக்கு அவ்வளவாக மனம் செல்லவில்லை, பேச்சு மொழிகளிலும் அரசியல் பொருளாதாரத்திலும் பொதுச் சட்டத்திலுமே நாட்டம் இருந்தது என்கிறார். கையேட்டை மனப்பாடம் பண்ணித் தேர்வெழுதிவிட்டு நூலகத்தில் வேறு புத்தகம் படிக்கும் மாணவர்கள் எல்லாச் சட்டக் கல்லூரியிலும் உண்டல்லவா, அந்த வகை. தடை செய்யப்பட்ட நூல்களைப் படிக்க 1790-இல் போப் ஆறாம் பயஸிடம் மனுப் போட்டு அனுமதியும் வாங்கிவிட்டார். ஆபாச நூல்களும் சோதிட நூல்களும் மட்டும் கூடாது என்று நிபந்தனை. இருபது வயதுப் பையன் தணிக்கையை எதிர்த்துக் கோஷம் போடவில்லை, முறைப்படி விண்ணப்பம் எழுதி விலக்குப் பெற்றிருக்கிறான். இந்தக் குணத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

அந்த வருடங்களில் வீட்டில் இடி விழுந்தது. புவெனஸ் ஐரிஸ் சுங்க அதிகாரி ஒருவரின் மோசடி வழக்கில் அப்பாவின் பெயரும் சேர்ந்துகொண்டது. சொத்து முடக்கம், வீட்டுக்காவல். படித்துக்கொண்டே ஸ்பெயின் அரசவை அலுவலகங்களில் அப்பாவுக்காகக் கோப்பைத் தள்ள மகன் அலைந்தார். 1794-இல் அப்பா குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. 1795-இல் அவர் இறந்துபோனார். பெல்கிரானோ நடத்திய ஒரே வழக்கு என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம். ஜெயித்தார், ஆனால் எப்படிப்பட்ட ஜெயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குக் கிடைத்த வேலை, புவெனஸ் ஐரிஸில் புதிதாக உருவான வணிகச் சபையின் நிரந்தரச் செயலாளர் பதவி. வியாபாரிகளின் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்பதும், நாட்டின் விவசாயத்தையும் தொழிலையும் வளர்ப்பதும் அந்தச் சபையின் பொறுப்பு. கனவோடு வந்து இறங்கினார். உறுப்பினர்களைப் பார்த்ததும் கனவு கலைந்தது. எல்லாரும் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தோடு ஏகபோக வியாபாரம் செய்பவர்கள். 'நாலுக்கு வாங்கி எட்டுக்கு விற்பதைத் தவிர இவர்களுக்கு வேறெதுவும் தெரியாது' என்று பின்னாளில் எழுதினார். ஆனாலும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை எழுதிச் சபையில் வாசித்தார். இலவசப் பள்ளிகள் வேண்டும், பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும், சணலும் ஆளியும் பயிரிட வேண்டும் என்று வருடத்துக்கு வருடம் பட்டியல் நீண்டது. 1799-இல் ஒரு கடலோடிப் பள்ளியையும் ஓவியப் பள்ளியையும் தொடங்கியே விட்டார். 'இதெல்லாம் ஆடம்பரம், இவற்றைத் தாங்கும் நிலையில் அந்த ஊர் இன்னும் இல்லை' என்று ஸ்பெயினிலிருந்து உத்தரவு வந்தது, மூடிவிட்டார்கள்.

இவர் ராணுவத்துக்குள் வந்த கதை ஒரு நகைச்சுவை. ஊர்க்காவல் படையில் கேப்டன் பதவி கொடுத்திருந்தார்கள், சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கம் மாதிரி. 1806-இல் பெரெஸ்ஃபோர்டு தலைமையில் ஆங்கிலேயர்கள் ஆயிரத்து அறுநூறு பேர் போல வந்து இறங்கினார்கள். அபாய மணி கேட்டதும் இவர் கோட்டைக்கு ஓடினார். அங்கே எந்த ஒழுங்கும் இல்லை. இவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ராணுவத்தின் அரிச்சுவடிகூடத் தனக்குத் தெரியாது என்பதை அன்று உணர்ந்ததுபோல் என்றும் உணரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நகரம் விழுந்தது. வணிகச் சபைக்காரர்கள் வரிசையாகப் போய் ஆங்கில அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். வியாபாரிக்குத் தன் லாபத்தைத் தவிர வேறு நாடோ அரசனோ மதமோ கிடையாது என்று பெல்கிரானோ கசந்து எழுதியது இதைப் பார்த்துத்தான். அவர் பிரமாணம் எடுக்க மறுத்து நதியைக் கடந்து போய்விட்டார். 'பழைய எஜமான் வேண்டும், இல்லையென்றால் எந்த எஜமானும் வேண்டாம்.' இந்த வாக்கியத்தின் பின்பாதி நான்கு வருடத்தில் வேலை செய்யத் தொடங்கியது. அதற்கிடையே தெரிந்த ஒருவரை வைத்துக் கவாத்தும் கற்றுக்கொண்டார். முப்பத்தாறு வயதில், வாத்தியார் வைத்து.

1810 மே 25. வைஸ்ராயை இறக்கிவிட்டு அமைந்த முதல் ஆட்சிக்குழுவின் பெயர்களை உங்களைப் போன்றவர் படித்தால் ஒரு பார் கவுன்சில் பட்டியல் மாதிரி இருக்கும். செயலாளர்கள் மரியானோ மொரேனோ, ஹுவான் ஹோசே பாசோ இருவரும் வக்கீல்கள். உறுப்பினர்களில் பெல்கிரானோவும் அவருடைய உறவினர் ஹுவான் ஹோசே காஸ்தெல்லியும் வக்கீல்கள். மொரேனோ பத்து மாதத்துக்குள் நடுக்கடலில் இறந்தார். புரட்சியின் பேச்சாளர் என்று பெயரெடுத்த காஸ்தெல்லிக்கு நாக்கில் புற்றுநோய் வந்தது. தன் மீதான விசாரணை முடிவதற்குள் 1812-இல் அவரும் போய்விட்டார். விதி சில சமயம் மோசமான நாடகாசிரியனைப் போல நடந்துகொள்கிறது.

பெல்கிரானோவை அனுப்பியது பராகுவேக்கு. அங்கே 1811 ஜனவரியில் பராகுவாரியிலும் மார்ச்சில் தாக்குவாரியிலும் தோற்றார். நீங்கள் தேடிப் பார்த்தது சரிதான். ஆனால் போகிற வழியில் ஒரு காரியம் செய்தார். 1810 டிசம்பர் 30, தாக்குவாரி முகாமில் உட்கார்ந்து மிசியோனெஸ் பகுதிப் பழங்குடி ஊர்களுக்காக 30 ஷரத்துகள் கொண்ட ஒரு ஒழுங்குவிதி எழுதினார். குவாரனி மக்கள் தலைமுறை தலைமுறையாக, தேநீர்போல் குடிக்கும் யெர்பா இலைத் தோட்டங்களில் சாட்டையடி வாங்கி வேலை செய்தவர்கள். இந்த விதியின்படி அவர்கள் சுதந்திரமானவர்கள், மற்றவர்களுக்குச் சமமானவர்கள், எந்தப் பதவிக்கும் தகுதியுள்ளவர்கள். பத்து ஆண்டுக்கு வரி கிடையாது. முதலாளிமார்களைப் பற்றிய ஷரத்தை நீங்கள் ஒரு வரைவாளராகப் படிக்க வேண்டும். பழங்குடியினரை இவர்கள் தண்டிக்கக் கூடாது. குறையிருந்தால் நீதிபதியிடம் போகட்டும். ஒருவர் மீது கம்பை ஓங்கினாலே சொத்து முழுவதும் பறிமுதல். சாட்டையைப் பயன்படுத்தினால் மரண தண்டனை வரைக்கும் போகலாம்.

ஓங்கினாலே, என்கிறார். அடித்தால் என்று எழுதியிருந்தால் காயம் எங்கே, சாட்சி எங்கே என்று வழக்கு இழுக்கும். குற்றத்தை ஒரு படி முன்னாலேயே நிறுத்திப் பிடிக்கிறார். இதெல்லாம் நடைமுறைக்கு வந்ததா என்றால், படையே தோற்றுத் திரும்பியபோது விதி எங்கே நிற்கும்? ஆனால் சலமாங்காவில் படித்தது வீணாகவில்லை.

பராகுவே தோல்விக்கும் ஒரு பின்கதை உண்டு. தாக்குவாரியில் ஆள்பலம் தீர்ந்தபின் சமாதானம் பேச ஆளனுப்பினார்: நாங்கள் பிடிக்க வரவில்லை, உதவி செய்ய வந்தோம் என்று. எதிர்த் தளபதி கபான்யாஸ் அதை ஏற்றார். அதற்குப் பின் இரு தரப்பு அதிகாரிகளும் கலந்து பேசினார்கள். தடையில்லா வியாபாரம், ஸ்பானியக் கவர்னர் எதற்கு, இப்படிப் பேச்சு போனது. இரண்டு மாதம் கழித்து, மே நடுவில், அதே பராகுவே அதிகாரிகள் தங்கள் ஸ்பானியக் கவர்னரை இறக்கிவிட்டார்கள். புவெனஸ் ஐரிஸோடும் சேரவில்லை, அது வேறு கதை. புவெனஸ் ஐரிஸிலோ தோல்விக்காக இவர் மேல் விசாரணை வைத்தார்கள். புகார் சொல்ல ஒருவரும் முன்வராமல் விசாரணை கலைந்தது.

கொடிக்கு வருவோம். 1812 பிப்ரவரி 27, ரொசாரியோ, பரானா நதிக்கரை. எதிரிக் கப்பல்களைத் தடுக்கப் பீரங்கி மேடைகள் அமைத்திருந்தார். எதிரி பிடிக்கும் அதே ஸ்பானியக் கொடியின் கீழ் நின்று எப்படிப் போரிடுவது என்பது அவர் கேள்வி. வெள்ளையும் வான்நீலமுமாகத் தொப்பிச் சின்னம் அணிய அரசு ஏற்கெனவே அனுமதித்திருந்தது. அந்த நிறத்தில் ஒரு கொடி தைக்கச் சொல்லி ஏற்றி, வீரர்களைச் சத்தியம் செய்ய வைத்தார். அரசுக்குத் தகவல் எழுதினார். புவெனஸ் ஐரிஸில் நடுங்கிவிட்டார்கள். அவர்கள் இன்னும் ஸ்பானிய அரசர் ஏழாம் ஃபெர்டினாண்டின் பெயரால் ஆள்வதாகவே காட்டிக்கொண்டிருந்தார்கள், கொடியை மறைத்து வை என்று மார்ச் 3-ஆம் தேதி உத்தரவு போட்டார்கள். அது வந்து சேர்வதற்குள் இவர் வடக்குப் படைக்குத் தலைமை ஏற்கக் கிளம்பிவிட்டார். விஷயம் தெரியாமல் மே 25 அன்று ஹுஹுய் நகரில் மறுபடி ஏற்றி, பாதிரியாரைக் கூப்பிட்டு ஆசீர்வாதமும் பண்ண வைத்தார். இந்த முறை கடுமையான கண்டனம் வந்தது.

ஜூலை 18-ஆம் தேதி அவர் எழுதிய பதில் எனக்குப் பிடித்த கடிதங்களில் ஒன்று. கொடியைப் பிரித்துவிடுகிறேன், அதன் ஞாபகமே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்கிறார். யாராவது எங்கே என்று கேட்டால், ஒரு பெரிய வெற்றி நாளுக்காக எடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். அந்த நாள் தூரத்தில் இருப்பதால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். பணிவு, கோபம், கிண்டல் மூன்றும் ஒரே பத்தியில். மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு அந்தச் சுகம் புரியும்.

அடுத்த மாதம்தான் ஹுஹுய் மக்கள் வெளியேற்றம். வடக்கிலிருந்து ஸ்பானியப் படை இறங்கி வருகிறது. எதிர்க்கப் பலம் இல்லை. ஜூலை 29-இல் ஓர் ஆணை: விளைச்சலை அறு அல்லது எரி, ஆடுமாட்டை ஓட்டு, கடைச் சரக்கைக் கட்டு, ஊரோடு கிளம்பு. மறுத்தால் சுடப்படுவாய். ஆகஸ்ட் 23 அன்று ஊர் காலியானது. ஏழைகள் ஏறக்குறைய எல்லாருமே கூடப் போனார்கள், வசதியானவர்களில் சிலர் பதுங்கி நின்றுகொண்டார்கள். சுமார் 250 கிலோமீட்டர் நடந்து துக்குமான் போய்ச் சேர்ந்தார்கள். மென்மையான படிப்பாளி என்று இவரைப் படம் வரைகிறவர்கள் அந்த ஆணையை ஒருதடவை படிக்க வேண்டும்.

துக்குமானில் நிற்காதே, கொர்தோபா வரை பின்வாங்கு என்று புவெனஸ் ஐரிஸ் சொன்னது. உள்ளூர்க்காரர்கள் நில் என்றார்கள். நின்றார். செப்டம்பர் 24. எதிரே தளபதி பீயோ திரிஸ்தான், பெருவின் அரெகிப்பாவில் பிறந்தவர், ஸ்பெயினில் படித்த காலத்து நண்பர். ஒரு கல்லூரித் தோழர் மூவாயிரம் பேரோடு, மற்றவர் அதில் பாதியை ஒட்டிய படையோடு. சண்டைக்கு நடுவில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று மைதானத்தின் மேல் வந்து இறங்கியது. பின்னாளில் ஜெனரலான ஹோசே மரியா பாஸ் அன்று அங்கே இளம் அதிகாரி. வெட்டுக்கிளிகள் மார்பிலும் முகத்திலும் வந்து மோதியதில் பலர் குண்டு பட்டுவிட்டதாகவே நினைத்தார்கள் என்று அவர் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். புழுதி, புகை, பூச்சி. அந்தக் குழப்பத்தில் தளபதி பெல்கிரானோவே களத்திலிருந்து வெளியே அடித்துச் செல்லப்பட்டுவிட்டார். யார் ஜெயித்தது என்று எதிரே வந்த பாஸிடம் விசாரிக்கிறார். பாஸுக்கும் தெரியவில்லை. நகரம் தன் ஆட்கள் கையில்தான் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. தென் அமெரிக்க விடுதலைப் போரின் மிக முக்கியமான வெற்றிகளில் ஒன்று இது. ஜெயித்தவருக்குத் தகவல் தாமதமாக வந்தது.

1813 பிப்ரவரி 20, சால்தா. திரிஸ்தான் மறுபடி தோற்று, இந்த முறை படையோடு சரணடைந்தார். பெல்கிரானோ அவரிடம் வாளை வாங்கவில்லை, கட்டித் தழுவிக்கொண்டார். சரணடைந்த இரண்டாயிரத்து எழுநூறு பேரையும் ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். ஒரே நிபந்தனை: இனி எங்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று சத்தியம். உங்கள் மொழியில் சொந்த ஜாமீன். இரு தரப்புப் பிணங்களையும் ஒரே குழியில் புதைத்து, வென்றவர்களும் தோற்றவர்களும் இங்கே உறங்குகிறார்கள் என்று எழுதிய ஒரு மரச்சிலுவையை நட்டார்.

அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று? மேல் பெருவில் சர்கஸ் நகரப் பேராயர், கலகக்காரர்களுக்குக் கொடுத்த சத்தியம் செல்லாது என்று விலக்கு அளித்தார். ஒரு பகுதியினர் மறுபடி துப்பாக்கி எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வில்காபூஹியோ, நவம்பரில் அயோஹுமா என்று இரண்டு பெரிய தோல்விகள். சால்தாவில் விட்டதுதான் காரணம் என்று அன்றே திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தனை பேரை அடைத்து வைத்துச் சோறு போட அவரிடம் என்ன இருந்தது? ஆனால் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைத்தவர் அவர். பதினோரு வருடம் கோர்ட்டில் இருந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

(திரிஸ்தான் குடும்பத்தைப் பற்றி ஒரு சின்ன விலகல். எழுத்தாளர் ஃப்ளோரா திரிஸ்தான் இவருடைய அண்ணன் மகள். 1833-இல் அரெகிப்பா போய்ச் சித்தப்பாவிடம் தன் பங்கைக் கேட்டார். உன் அப்பா அம்மா கல்யாணத்துக்குச் சட்டப்படியான பத்திரம் இல்லை என்று சித்தப்பா சொத்தைக் கொடுக்கவில்லை, உதவித்தொகை மட்டும் கொடுத்தார். ஃப்ளோராவின் மகள் வயிற்றுப் பேரன் ஓவியர் பால் கோகன். காகிதத்தின் மதிப்பைத் தோழர்கள் இருவரில் யார் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்று பாருங்கள்.)

சால்தா வெற்றிக்காக 1813-ஆம் ஆண்டுப் பேரவை பெல்கிரானோவுக்கு ஒரு வாளும் 40,000 பெசோவும் பரிசளித்தது. பெரிய பணம். அவருக்கோ சம்பள பாக்கியே ஏகப்பட்டது. பணத்தை வாங்காமல், தாரிஹா, ஹுஹுய், துக்குமான், சான்டியாகோ தெல் எஸ்தெரோ ஆகிய நான்கு ஊர்களில் பள்ளி கட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டார். இதுவரை கேட்டால் நல்லவர்கள் பற்றிய பாடப்புத்தகக் கதை மாதிரி இருக்கும். அவர் நன்கொடைக் கடிதத்தோடு நிறுத்தவில்லை. 1813 மே 25 தேதியிட்டு 22 ஷரத்துகளில் பள்ளி விதியையும் எழுதிவிட்டார்.

ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 500 பெசோ. 400 ஆசிரியர் சம்பளம். மீதி 100, ஏழைப் பிள்ளைகளின் காகிதம், மை, இறகுப் பேனா, புத்தகத்துக்கு. ஆசிரியரைத் தேர்வு வைத்து எடுக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கொருமுறை மறுபடியும் போட்டி. ஊர்த் திருவிழாக்களில் ஆசிரியருக்கு நகரசபையோடு முன்வரிசை இருக்கை, அவரை நாட்டின் தந்தை என்று மதிக்க வேண்டும். அப்புறம் தண்டனை பற்றிய பகுதி. பையனை முட்டி போட வைக்கலாம், ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது, நாலு காலில் நிற்க வைக்கக் கூடாது. பெரிய தப்புக்கு ஆறு அடிக்கு மேல் கிடையாது. மிக மோசமான செயல் என்றால் மட்டும் பன்னிரண்டு வரை, அதுவும் மற்றப் பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில்.

இன்று படிக்கும்போது பன்னிரண்டா என்று பதறும். 1813-இல் அடிக்கு எண்ணிக்கையே கிடையாது. எண் போட்டுவிட்டால் ஏழாவது அடி குற்றமாகிவிடுகிறது. அந்த 'கண்ணில் படாத இடத்தில்' என்ற சொற்றொடரில் ஒரு மனிதர் தெரிகிறார். தான் படித்த காலத்தில் எதையோ பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன் படை பசியில் கிடக்கும்போது, எங்கோ நான்கு ஊரில் இனிமேல் பிறக்கப்போகும் பையனின் மானத்துக்கு ஷரத்து எழுதிக்கொண்டிருந்தவர் இவர். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அயோஹுமா தோல்வியில் இரண்டு விஷயம் மட்டும். அந்தப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர் மரியா ரெமெதியோஸ் தெல் வாயே என்ற கறுப்பினப் பெண். பெல்கிரானோவிடம் கேப்டன் பதவி பெற்றவர். பிடிபட்டு ஒன்பது நாள் ஊர் நடுவில் சாட்டையடி வாங்கித் தப்பித்தார். பின்னாளில் புவெனஸ் ஐரிஸில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த அவரை ஒரு பழைய ஜெனரல் அடையாளம் கண்டு சொன்ன பிறகே ஓய்வூதியம் வந்தது. 2024-இல் வந்த 10,000 பெசோ நோட்டில் அவரும் பெல்கிரானோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இன்னொன்று, பின்வாங்கும்போது கொடிகளை எதிரியிடம் விடாமல் மாச்சா ஊர் அருகே ஒரு சிறு தேவாலயத்தில் படங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். எழுபது ஆண்டு கழித்து 1883-இல் அவை கிடைத்தன. ஒன்று இன்று பொலிவியாவின் சுக்ரேயில், இன்னொன்று புவெனஸ் ஐரிஸில்.

1814 தொடக்கத்தில் படையை, விடுதலைப் போரின் பெரிய தளபதியான சான் மார்ட்டினிடம் ஒப்படைத்தார். சான் மார்ட்டின் உத்தரவுக் குரல் பயிற்சி நடத்தியபோது பெல்கிரானோவின் கீச்சுக் குரலைக் கேட்டு தொர்ரேகோ என்ற அதிகாரி சிரித்தார் என்றும், சான் மார்ட்டின் மெழுகுவத்தித் தண்டை மேசையில் ஓங்கி அடித்து அவரை அடக்கினார் என்றும் ஒரு கதை உண்டு. 1816-இல் சான் மார்ட்டின் ஒரு கடிதத்தில் எழுதியதை நம்பலாம்: போர்க்கலையில் இவர் பிரெஞ்சுத் தளபதிகளான மொரோவோ போனபார்ட்டோ இல்லைதான், ஆனால் தென் அமெரிக்காவில் நம்மிடம் இருப்பவர்களில் இவரே சிறந்தவர் என்கிறார். தொழில்முறைச் சிப்பாய் ஒரு வக்கீலுக்குக் கொடுத்த சான்றிதழ்.

அதே ஆண்டு ஜூலை 6, மாகாணப் பிரதிநிதிகள் கூடிய துக்குமான் பேரவையின் ரகசியக் கூட்டம். ஐரோப்பாவில் மறுபடி மன்னராட்சிக் காற்று அடிக்கிறது, நாமும் மன்னராட்சி வைப்போம், ஆனால் மன்னர், ஸ்பானியர்கள் வருமுன் பெருவை ஆண்ட இன்கா வம்சத்தவராக இருக்கட்டும் என்றார் பெல்கிரானோ. புவெனஸ் ஐரிஸ் கனவான்கள் சிரித்தார்கள். ஒருவர் சாக்லேட் ஜாதி ராஜா என்று எழுதினார். மூன்று நாளில் விடுதலைப் பிரகடனம் வந்தது, கெச்சுவா, ஐமாரா என்ற பழங்குடி மொழிகளிலும் அச்சிட்டார்கள். இன்கா யோசனை செத்துப்போனது.

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. 1816 கடைசியில் சான்டியாகோ தெல் எஸ்தெரோவில் ஹுவான் ஃப்ரான்சிஸ்கோ போர்கெஸ் தன் மாகாணத்துக்குத் தன்னாட்சி கேட்டுக் கிளர்ச்சி செய்தார். பிடிபட்டார். 1817 புத்தாண்டு அன்று, முறையான விசாரணை எதுவும் இல்லாமல், பெல்கிரானோவின் உத்தரவுப்படி சுடப்பட்டார். பேரவையின் ஆணை கையில் இருந்தது என்பார்கள், போர்க்காலம் என்பார்கள். பையனுக்கு ஆறு அடிக்கு மேல் கூடாது என்று எழுதிய கை, எதிராளிக்கு ஒரு வாய்தாகூடக் கொடுக்கவில்லை. அவரைக் கொண்டாடும் நூல்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்க்கோவை நோய், கால் வீங்கி நடக்க முடியாத நிலை. 1819-இல் துக்குமானில் நடந்த கலகத்தில் அந்த வீங்கிய காலுக்கே விலங்கு போட வந்தார்கள். மருத்துவர் ரெட்ஹெட் தடுத்தார். நண்பரிடம் கடன் வாங்கிப் புவெனஸ் ஐரிஸ் வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மகன் வேறு குடும்பத்தில் வளர்ந்தான், ஒரு வயது மகள் துக்குமானில் இருந்தாள். மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல், இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் பரிசாகத் தந்த தங்கக் கடிகாரத்தைக் கொடுத்தார். 1820 ஜூன் 20 அன்று இறந்தார். நகரில் ஒரே நாளில் மூன்று கவர்னர்கள் மாறிய நாள் அது, இவரைக் கவனிக்க ஆளில்லை. செய்தி போட்டது ஒரே ஒரு பத்திரிகை. தம்பி வீட்டு அலமாரியின் பளிங்குப் பலகையை எடுத்துக் கல்லறைக்கு மேல் வைத்தார்கள்.

1902-இல் பெரிய நினைவிடம் கட்டுவதற்காக எலும்புகளைத் தோண்டி எடுத்தபோது இரண்டு அமைச்சர்கள் ஆளுக்கொரு பல்லை எடுத்துச் சென்றுவிட்டார்கள். ஒருவர் உள்துறை, மற்றவர் போர்த்துறை. நண்பர்களுக்குக் காட்டத்தான் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். பத்திரிகைகள் கிழித்தபின் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் 2007-இல் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோனது.

சரி, பள்ளிப் பணம். அரசு அதைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, வட்டி தருவதாகச் சொன்னது. பிறகு உள்நாட்டுச் சண்டை, கடன், ஆட்சி மாற்றம், கோப்பு மாற்றம். தாரிஹா இதற்கிடையே பொலிவியாவுக்குப் போய்விட்டது. அங்கே பள்ளி முடிந்தது 1974-இல். துக்குமானில் 1998. ஹுஹுயில் 2004. ஷரத்து எழுதி 191 ஆண்டு. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் சீனியரைப் பற்றிப் புலம்பும்போது இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.